பதில் சொல்லும் பெட்டி

அம்மா கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவளோடு ஒரு பெட்டியும் வந்தது. ஐந்து இழுப்பறைகள் உள்ள பெரிய துணிப்பெட்டி. கிரி என்ற லேசான ஜப்பானிய மரத்தில் செய்தது. அப்போதே அதற்கு நூறு வயது இருக்குமாம். நான்கு பேர் தோளில் சுமந்து வந்தார்களாம்.

பாதி வழியில் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்துவிட்டது. கல்யாணப் பெட்டி ஓர் அடிகூடப் பின்னால் போகக் கூடாது என்பது எங்கள் காமோ ஊர் வழக்கம். சுமந்தவர்கள் அசையவில்லை. பெட்டியும் அசையவில்லை. கடைசியில் மாட்டு வண்டிதான் வயலில் இறங்கியது.

இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா சிரிப்பாள். “அந்த மாடு என்னைப் பாத்த பார்வை இருக்கே!” என்பாள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. கீழ் இழுப்பறையைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினால், மேல் அறை தானாக வெளியே வரும். யாரும் தொட வேண்டாம். மெதுவாக, தூக்கம் கலைந்து எழுந்திருப்பவரைப் போல வரும்.

எனக்கு ஏழு வயதானபோது அம்மா அதன் காரணத்தைச் சொன்னாள். அறைகள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்கின்றன. கீழ் அறையைத் தள்ளியதும் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை. அது மேலே ஏறி அங்கிருக்கும் அறையைத் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

என் தம்பி கோஹெய்யிடம் அம்மா வேறு மாதிரி சொன்னாள்.

அது போன இலையுதிர்காலத்தில், அவள் மலைமேல் இருக்கும் காசநோய் மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று. கோஹெய்க்கு அப்போது நான்கு வயது. அவன் அம்மாவின் கையை விடவேயில்லை. அம்மா அவனைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

“என் ஞாபகம் வந்தா கீழ் அறையைத் தள்ளி, ‘நான் இருக்கேன்’னு சொல்லு. மேல் அறை வெளிய வரும். அது, ‘நானும் இருக்கேன்’னு நான் சொல்றது.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “சாயோ, நீ பெரியவ. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றாள்.

ஆமாம், எனக்கு எல்லாம் தெரியும். அது காற்று என்று தெரியும். அதனால் எனக்கென்று தள்ளுவதற்கு ஓர் அறையும் இல்லை.

கோஹெய் தினமும் காலையில் எழுந்ததும் தள்ளுவான். “நான் இருக்கேன்” என்பான். மேல் அறை வெளியே வரும். கற்பூர மணமும் அம்மாவின் துணி மணமும் கொஞ்சம் வரும். அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போவான். நான் கதவோரம் நின்று பார்ப்பேன். பள்ளிக்கு நேரமாகிறது என்று அவனைக் கூப்பிட வந்தவளைப் போல நிற்பேன். அவன் பள்ளிக்கே போவதில்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் மாதம் மழை தொடங்கியது.

பத்து நாள் விடாமல் பெய்தது. ஒரு காலை, கோஹெய் கீழ் அறையின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. காலைப் பெட்டியில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். வரவில்லை. மற்ற நான்கு அறைகளும் அப்படியே இறுகிக் கிடந்தன.

“நான் இருக்கேன்” என்றான் பெட்டியிடம். கொஞ்ச நேரம் காத்திருந்தான். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.

அன்று காலை அவன் சோற்றைத் தொடவில்லை. எங்களோடு இருக்கும் அத்தை காரணம் கேட்டதற்கு வயிறு நிறைந்திருக்கிறது என்றான். மத்தியானமும் அதையே சொன்னான். மாலையில் நான் பள்ளியிலிருந்து வந்தபோது பெட்டிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்காமலே கேட்டான்.

“அக்கா, அம்மா இல்லையா?”

“அது மழை ஈரம்டா, மரம் ஊறிப் போச்சு” என்றேன். அவன் நம்பவில்லை. மரம் ஊறியதற்கும் அம்மா பதில் சொல்லாததற்கும் என்ன சம்பந்தம் என்பது போல என்னைப் பார்த்தான்.

காற்று என்று தெரிந்திருந்தும், அந்த மூடிய அறைகளைப் பார்க்க எனக்கே பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா கடையில் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பாதித் தாடியை மழித்துவிட்டு, மீதிப் பாதியை நுரையோடு விட்டுவிட்டு, அதைப் படித்துக் காட்டினார். எங்கள் அப்பா முடிதிருத்துபவர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தோட்டத்தில் நடக்க விடப்போகிறார்களாம். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறை. ‘மருத்துவமனை உடையில் நடக்கப் பிடிக்கவில்லை. மூன்றாவது அறையில் என் நீலப் பருத்திக் கிமோனோ இருக்கிறது. அதைக் கொண்டுவருவீர்களா?’ என்று எழுதியிருந்தாள்.

பிள்ளைகளை அந்த மருத்துவமனைக்குள் விடமாட்டார்கள். அப்பா மட்டும்தான் போக முடியும். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் அதிகம். அந்த நாளில் கடையை மூடப்போவதாக அப்பா அங்கேயே சொல்லிவிட்டார்.

பாதித் தாடிக்காரரும், “போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. ஆனா முதல்ல இதை முடிங்க” என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா மூன்றாவது அறையை இழுத்தார். வரவில்லை. அத்தை அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். நான் அத்தையைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடியில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கேட்டதும் எல்லோரும் விட்டுவிட்டோம். அத்தை மட்டும் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

“என் முட்டி போச்சு. இந்தப் பெட்டி உன் பொண்டாட்டி மாதிரியேதான் இருக்கு. மூடினா மூடினதுதான்” என்று அப்பாவைப் பார்த்து முனகினாள்.

அத்தை அப்பாவின் அக்கா. அம்மா மருத்துவமனைக்குப் போனபின் எங்களுக்குச் சமைத்துப்போட வந்தவள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. அதை அவளும் மறக்கமாட்டாள், எங்களையும் மறக்கவிடமாட்டாள்.

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். விளிம்பில் திருப்புளியை விட்டு நெம்பி அறையை வெளியே எடுத்துவிட்டு, பக்கங்களைக் கொஞ்சம் இழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். அப்பாவுக்கு எதையும் கொஞ்சம் மழித்துவிட்டால் சரியாகிவிடும். பட்டறைக்குப் போய் ஓர் இழைப்புளி இரவல் வாங்கிவரும்படி என்னை அனுப்பினார்.

பட்டறை எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. அங்கே செய்வது துணிப்பெட்டிகள் மட்டும்தான். வெளியே ஆற்றோரமாகக் கிரி மரப் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து மழையில் நனைந்துகொண்டிருந்தன. மூன்று வருடம் மழையும் பனியும் வெயிலும் பட்டு, உள்ளே இருக்கும் கறை எல்லாம் கழுவிப் போனபிறகுதான் அவற்றைப் பெட்டியாக்குவார்கள்.

பட்டறைக்காரர் ஷிராஇ வாயில் பத்துப் பதினைந்து மர ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் அடித்துக்கொண்டிருந்தார். அப்பா இழைப்புளி கேட்டதாகச் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார். அம்மாவின் பெட்டியை இழைப்பதற்கு என்றேன்.

அவர் ஆணிகளை எல்லாம் உள்ளங்கையில் துப்பினார்.

“மழைக்காலத்துலயா?” என்று கேட்டார்.

பிறகு ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அந்த முதுகு இழைப்புளி தருகிற முதுகாகத் தெரியவில்லை.

வெறுங்கையோடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டே வந்தேன். சமையலறைக் கதவைத் திறந்தேன். அப்போது கதவிடுக்கில் சொருகியிருந்த காலுறை கண்ணில் பட்டது.

நேராக அப்பாவிடம் போனேன். அவர் அதற்குள் பக்கத்துக் கடையில் ஓர் இழைப்புளி இரவல் வாங்கிவந்து, அதன் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, போன வருஷம் மழையில சமையலறைக் கதவு இறுகிப்போச்சு இல்லையா? நீங்க இழைச்சீங்களே?”

“ஆமா. நல்லாத்தானே ஆச்சு.”

“குளிர்காலத்துல கதவு சுருங்கிடுச்சு. இடைவெளி வழியா பனி உள்ள வந்து ஊறுகாய்ப் பானை மேலயே விழுந்துச்சு. அத்தை உங்க காலுறையை அங்க சொருகினாங்க. இப்பவும் அங்கதான் இருக்கு.”

அப்பா எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறக் காலுறை கதவிடுக்கில் இருந்தது.

“இதைத்தான் நான் ஆறு மாசமாத் தேடறேன்” என்றார்.

“பெட்டியையும் இழைச்சிட்டா குளிர்காலத்துல அது ஆடும்ப்பா. காத்து வெளிய போயிடும். மேல் அறை வெளிய வராது. எப்பவுமே வராது. கோஹெய் என்ன பண்ணுவான்?”

அப்பா இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது. வெறுங்கையோடு அம்மா முன்னால் போய் நிற்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம்வரை பார்க்கலாம் என்றார். அதற்குள் திறக்காவிட்டால் நெம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

நான் பெட்டியறைக்குப் போய் உட்கார்ந்தேன். மழை ஒவ்வொரு வருடமும்தான் பெய்கிறது. போன வருட ஜூனில் அம்மா இதே மூன்றாவது அறையைத் திறந்து அந்த நீலக் கிமோனோவை எடுத்து உதறியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றும் மழைதான். கூரையில் சத்தம் அதிகமாக இருந்ததால் அவள் கத்திப் பேசினாள். அப்போது திறந்த அறை இப்போது ஏன் திறக்கவில்லை?

என் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கடைத் துண்டுகள். சுவருக்குச் சுவர் கட்டிய கயிறுகளில் நாற்பது துண்டுகள் ஈரமாகத் தொங்கின. மழை தொடங்கியதிலிருந்து அத்தை அவற்றை இங்கேதான் காயப்போடுகிறாள். அறை முழுவதும் ஈர நாற்றம். பெட்டியின் மேற்பலகையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

அம்மா மழை நாட்களில் துண்டுகளை எங்கே காயப்போட்டாள்?

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். முதலில் ஞாபகத்துக்கு வந்தது அவளுடைய பாதங்கள்தான். ஏணிப்படியில் மேலே போகும் பாதங்கள். வீட்டோடு ஒட்டிய கடையில் நாள் முழுவதும் வெந்நீர் கொதிக்கும் அண்டாவுக்கு மேலே ஒரு பரண் உண்டு. அங்கே எப்போதும் சூடாக இருக்கும். ஈரத் துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா அந்த ஏணியில் தினமும் பலமுறை ஏறி இறங்குவாள். அவள் பாதங்களைப் பார்த்தபடி நான் கீழே விளையாடிக்கொண்டிருந்தேன்.

அத்தையால் ஏணி ஏற முடியாது. அவளிடம் போய், ‘உங்களால்தான் பெட்டி இறுகியது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் எங்களுக்காகத்தான் அந்த முழங்காலோடு தினமும் நாற்பது துண்டு துவைக்கிறாள்.

“அத்தை, பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் போட்டி வருது. கால் பலமாகணும். துண்டை எல்லாம் நான் பரணுக்கு ஏத்தட்டுமா?” என்று கேட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். மேலே தொங்கும் துண்டுகளைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

“விளையாட்டுப் போட்டி அக்டோபர்லதானே” என்றாள் கடைசியில். பிறகு எழுந்து, துண்டுகளைக் கயிற்றிலிருந்து இழுத்து என் கையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். “விழுந்து கையை உடைச்சுக்காத. இருக்கிற முட்டி வலியே போதும் இந்த வீட்டுக்கு” என்றாள்.

ஈரத் துண்டுகள் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு தடவைக்கு ஐந்து துண்டு. எட்டுத் தடவை ஏற வேண்டும்.

பரணில் கயிறுகள் அம்மா கட்டியபடியே இருந்தன. அவள் உயரத்துக்குக் கட்டியவை. நான் நுனிக்காலில் நின்றால்தான் எட்டியது. கடைசித் துண்டைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, புகைபோக்கியின் பின்னால் ஒரு சின்ன உட்காரும் மெத்தையும், காலித் தண்ணீர்க் கோப்பையும் இருந்தன.

அம்மாவின் கோப்பை. ஓரத்தில் சின்னதாக உடைந்தது. அது காணாமல் போய்விட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மெத்தையில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து கீழே வீட்டுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே யாராவது இருமினால் கீழேயும் கேட்காது.

போன வருடம் மழைக்காலம் முழுவதும் அம்மா துண்டு காயப்போட வந்து இங்கே வெகு நேரம் இருந்திருக்கிறாள். எங்களிடமிருந்து தள்ளி உட்கார்ந்து, இருமி முடித்து, தண்ணீர் குடித்து, அதன்பிறகு சிரித்த முகத்தோடு இறங்கி வந்திருக்கிறாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவள் சொன்னாள். இது எனக்குத் தெரியாது.

துண்டுகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் அழுதேன். முகம் துடைத்துக்கொள்ள அங்கே துண்டுக்குப் பஞ்சமில்லை.

கீழே இறங்கி கோஹெய்யின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் இன்னும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா இருக்கா. கடிதம் எழுதியிருக்கா பாத்தியா? பெட்டி ஏன் மூடிக்கிச்சு தெரியுமா? வெளிய ஒரே ஈரம். அந்த ஈரம் உள்ள இருக்கிற துணிக்குப் போயிடக் கூடாதுன்னு, மரம் எல்லா ஈரத்தையும் தானே குடிச்சு, உப்பிப்போய் இறுக்கி மூடிக்கிச்சு.”

“கோவமா?”

“கோவம் இல்லடா. அம்மாவும் அப்படித்தான். அவளுக்கு வந்த நோய் நமக்கு வந்துடக் கூடாதுன்னு அங்க மூடிக்கிட்டு இருக்கா. காஞ்சதும் திறந்துடும்.”

கோஹெய் பெட்டியைத் தடவிப் பார்த்தான்.

“அம்மாவும் உப்பிப்போயிட்டாளா?” என்று கேட்டான்.

“இல்ல. அம்மா இளைச்சுத்தான் போயிருக்கா. அதான் சாப்பிட வைக்கிறாங்க.”

“அப்ப நானும் சாப்பிடறேன்” என்று எழுந்தான்.

மறுநாளிலிருந்து அவன் பெட்டிக்கு விசிறியால் விசிற ஆரம்பித்தான். மழை நிற்பதற்காகக் கூரையோரம் தொங்கவிடும் வெள்ளைத் துணிப்பொம்மை ஒன்றை அத்தை செய்துகொடுத்தாள். அவன் அதைக் கூரையில் கட்டாமல் மூன்றாவது அறையின் கைப்பிடியில் கட்டினான். ஊருக்கெல்லாம் மழை நிற்க வேண்டாமாம். பெட்டிக்கு மட்டும் நின்றால் போதுமாம்.

நான் தினமும் பள்ளிவிட்டு வந்து துண்டுகளை ஏற்றினேன். வெள்ளிக்கிழமை மழை விட்டு ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. பெட்டியறையின் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். சாயங்காலம் இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

சனிக்கிழமை மத்தியானமும் அசையவில்லை.

சாயங்காலம் அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு கையில் திருப்புளி, ஒரு கையில் இழைப்புளி. கோஹெய் விசிறியை விடவில்லை. அப்பா அவனைத் தாண்டிப் போய் மண்டியிட்டு, திருப்புளியின் நுனியை மூன்றாவது அறையின் விளிம்பில் வைத்தார். நூறு வருடத்துக்கு மேலாக ஒரு கீறலும் படாத விளிம்பு.

“அப்பா, ஒரே ஒரு தடவை கையால” என்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அது நான் சொன்னதால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அவருக்கும் அந்தப் பெட்டியை நெம்ப மனம் வரவில்லை. இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தார். இழுக்காமல், இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று, வாடிக்கையாளரின் தலையைத் திருப்புவதுபோல மெதுவாக அசைத்தார்.

ஒரு விரல் அகலம் வந்தது.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் ஒரு விரல். பிறகு ஒரு பெருமூச்சுப் போல அறை முழுவதும் வெளியே வந்தது.

நீலக் கிமோனோ தாள் உறைக்குள் மடித்தபடியே இருந்தது. தாளைப் பிரித்துத் தொட்டுப் பார்த்தேன். வெளியே பதினைந்து நாள் மழை. உள்ளே துணி மொறுமொறுவென்று உலர்ந்திருந்தது. ஒரு துளி ஈரம் இல்லை.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, இழைப்புளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பக்கத்துக் கடைக்குப் போய்வர அவருக்கு அரைமணி நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பொட்டலத்தோடு ரயிலுக்குக் கிளம்பினார். அதனுள்ளே நான் அந்த ஓரம் உடைந்த கோப்பையையும் கழுவி வைத்திருந்தேன். கடிதம் ஒன்றும் எழுதவில்லை. பார்த்தால் அம்மாவுக்குப் புரியும்.

அப்பா போனதும் கோஹெய் பெட்டிக்கு ஓடினான். கீழ் அறையைப் பிடித்து இழுத்தான். கொஞ்சம் முரண்டு பிடித்து வெளியே வந்தது. உள்ளே தள்ளினான்.

“நான் இருக்கேன்” என்றான்.

மேல் அறை பழையபடி மெதுவாக வெளியே வந்தது. அவன் தலையாட்டினான். ஆனால் சாப்பிடப் போகவில்லை. மேல் அறையை மூடும்படி என்னிடம் சொன்னான். மூடினேன். அவன் நகர்ந்து பாயில் இடம்விட்டான்.

“இப்ப நீ” என்றான்.

“எனக்கு வேணாம். அது வெறும் காத்துடா. உள்ள இருக்கிற காத்து மேல போய்த் தள்ளுது.”

“தெரியும்” என்றான் கோஹெய். “தள்ளு.”

நான் மண்டியிட்டேன். கீழ் அறையை இழுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தள்ளினேன். இந்நேரம் ரயில் மலையடிவாரத்தை நெருங்கியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா நீலக் கிமோனோவில் தோட்டத்தில் நடப்பாள்.

தலைக்கு மேலே அறை திறக்கும் சத்தம் கேட்டது. கற்பூர மணம் என் தலைமேல் இறங்கியது.

“நானும் இருக்கேன்ம்மா” என்றேன்.